சய என்று சொல்லாதவள்

பன்னிரண்டு சய ஏழு சமன் ஐந்து. இந்த வரியை அவள் படிக்கும் விதம் வேறு. "பன்னிரண்டு" என்பாள். பிறகு சுட்டுவிரலால் காற்றில் ஒரு சின்னக் கோடு போடுவாள். அப்புறம், "ஏழு, சமன் ஐந்து." கோடு போடும் நேரம் வாய் இறுக மூடியிருக்கும், கண்ணும் ஒருமுறை மூடித் திறக்கும். எங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கூட்டல் குறியைச் சக என்றும் கழித்தல் குறியைச் சய என்றும்தான் படிப்பது. சக என்பதை அவள் தாராளமாகச் சொல்வாள். சய என்பதை அவள் வாயிலிருந்து வரவழைக்க ஒரு கல்லூரியே படாத பாடு பட்டது.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதாதே என்று அவள் கேட்டுக்கொண்டாள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி என்னுடைய பயம். அவளோடு ஒரு வருடம் ஒரே அறையில் கிடந்ததில் எனக்குத் தொற்றிக்கொண்ட பயம் அது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கண்டியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரி ஒன்றில் நாங்கள் சேர்ந்திருந்தோம். நான் கம்பளையில் சின்னத் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். பள்ளிக்கூட உயர்தர வகுப்பில் தமிழும் வரலாறும் படித்துவிட்டு, இனி ஆயுசுக்கும் கணக்குப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தவள். கணக்கு, பிணக்கு, ஆமணக்கு என்று சும்மாவா சொன்னார்கள். முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்குகள். அரையும் மூன்றிலொன்றும் எவ்வளவு என்று கேட்டிருந்தது. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு வெளியே வந்து தேத்தண்ணி குடித்தேன். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறைந்துபோகுமா என்று யோசிக்கவில்லை. இருபத்தோரு வயது எனக்கு.

மூன்றாம் நாள் விளம்பரப் பலகையில் பத்தொன்பது பெயர்கள் தொங்கின. அடிப்படைக் கணிதத்தை மீண்டும் கற்க வேண்டியவர்கள். அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: எழுத்திலும் வாய்மொழியிலும் சித்தியடைய இரண்டு சந்தர்ப்பங்கள் மட்டுமே. இரண்டாவதிலும் தவறினால் பயிற்சியிலிருந்து விலக்கப்படுவர். பலகைக்கு முன்னால் நின்று என் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். பக்கத்தில் ஒருத்தி நின்று தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒல்லி, உயரம், வெளுத்த நீலச் சேலை. பெயரைக் கண்டதும் அதை வாசிக்காமல் புறங்கையால் மெல்ல மறைத்தாள். எனக்கு விசித்திரமாக இருந்தது.

"ஒங்க பேரும் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா அக்கா."

"அப்ப சரி," என்றாள். என் பெயர் அங்கே இருந்ததில் அவளுக்கு ஒரு ஆறுதல். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான்.

பன்விலைக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மணித்தியாலம் ஏற வேண்டிய தோட்டத்துக்காரி அவள். என்னை விட ஐந்தாறு வயது மூத்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் தொண்டராசிரியையாக ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இங்கே வருவதற்காக அந்த இடத்தை விட்டாள், அதில் இப்போது வேறொருத்தி. விலக்கினால் திரும்பிப் போவதற்குக் கொழுந்து பறிக்கும் மலைதான் இருந்தது. "கூடை தூக்க எனக்கு வெக்கம் இல்லீங்க தங்கச்சி. எங்க அம்மா தூக்குனதுதானே. ஆனா நான் அ-னா ஆ-வன்னா சொல்லிக்குடுத்த புள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்குமே," என்று ஒருநாள் சொன்னாள்.

அம்பிட்டியவில் ஒரு வீட்டின் பின்னறையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். தெருவிலிருந்து நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும். படிகளை எண்ணியவள் அவள். ஏறும்போதும் எண்ணுவாள், இறங்கும்போதும் எண்ணுவாள். கணக்கில் அவளுக்குப் பயமில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எட்டேழு ஐம்பத்தாறு என்பது எனக்கு யோசித்து வரும், அவளுக்கு மூச்சில் வரும். பின்னத்தை எனக்கு ரொட்டியைப் பிய்த்துக் காட்டினாள். அவள் அந்தப் பட்டியலில் இருந்ததற்குக் காரணம் வேறு.

சொன்னால் வந்து நிற்கும் என்று அவள் நம்பிய சொற்கள் ஏராளம். பாம்பு அவளுக்குப் பூச்சி. தோட்டத்து மலையில் நடமாடும் சிறுத்தை, பெரியவர். பரீட்சை என்று சொல்லமாட்டாள், "அன்னைக்கு" என்பாள். "அன்னைக்குப் போட்டுக்கிட்டுப் போக சேலை மடிச்சு வச்சிட்டேன்" என்றால் பரீட்சைக்கு என்று நான் புரிந்துகொள்ள வேண்டும். என் வாய்க்கு அந்த வயதில் சனி பிடித்திருந்தது. வேண்டுமென்றே "பாம்பு, பாம்பு, பாம்பு" என்று சொல்லி அவள் கால்களைக் கட்டிலுக்கு மேலே தூக்குவதைப் பார்த்துச் சிரிப்பேன். அவள் கோபிக்கமாட்டாள். "பேரு சொன்னா வந்து நிக்கும் தங்கச்சி, வெளையாடாதீங்க," என்று மட்டும் சொல்வாள். உண்மையாகவே கெஞ்சுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, எந்நேரமும் சட்டைப்பையில் பலகையில் எழுதும் சோக் இரண்டு துண்டு. கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வகுப்பறை வாசலில் செருப்பைத் தட்டும் சத்தம் கேட்டாலே எல்லோரும் அவசரமாகக் கொப்பியைத் திறப்போம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் எங்களோடு படித்தார். அவரும் ஏழாம் வாய்ப்பாட்டைக் கொப்பிக்குள் ஒளித்து வைத்துக்கொள்வார். சேர் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த விரிவுரையாளருக்கு ஒரு கொள்கை இருந்தது. கணக்கைக் கண்ணால் பார்த்தால் போதாது, வாயால் படிக்க வேண்டும். ஒவ்வொருவராக எழுப்பிப் பலகையில் இருப்பதை உரத்துப் படிக்கச் சொல்வார்.

முதல் முறை அவளை எழுப்பியபோது பலகையில் இருந்ததுதான் பன்னிரண்டு சய ஏழு. அவள் கோடு போட்டுப் படித்தாள்.

"பன்னிரண்டும் ஏழும் சமன் ஐந்தோ? இது எந்த ஊர்க் கணக்கு பிள்ளை?"

வகுப்பு சிரித்தது. அவள் மறுபடியும் அப்படியே படித்தாள்.

"நடுவில ஒரு குறி நிக்குதெல்லே, அதுக்கு என்ன பேர்? வாயைத் திறந்து சொல்லும்."

அவள் உதடு மட்டும் அசைந்தது. "குறையுதுங்க சேர்," என்றாள். வகுப்பு இன்னும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் உரத்த சத்தம் என்னுடையது. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் வரையில் என்னை எழுப்பமாட்டார் என்று ஒரு கணக்கு, அந்த வயதில் எனக்குச் சரியாக வந்த ஒரே கணக்கு.

எங்கள் வகுப்பறைக்குத் தகரக் கூரை. கண்டி மழை அதில் இறங்கினால் சேர் சொல்கிற சகவும் சயவும் ஒன்றுதான். "சய எட்டு சக பதினொன்று" என்று அவர் சொல்ல, பாதிப் பேர் மாற்றி எழுதி, எதிரும் புதிருமாக விடை கொண்டுவருவோம். அவள் மட்டும் ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை. மழையில் இடி விழுந்தாலும் அந்தச் சொல் அவள் காதில் சரியாகப் போய் விழும். கேட்டவுடன் தோள் ஒருதரம் குலுங்கும். இதைக் கண்டுபிடித்தவர் அந்த இரண்டு பிள்ளைத் தகப்பன். அதற்குப் பிறகு மழை பெய்தால் நாங்கள் சேரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் தோளைப் பார்த்து எழுதினோம். குலுங்கினால் சய, குலுங்காவிட்டால் சக. பதினெட்டுப் பேர் அவள் பயத்தைப் பார்த்துக் கணக்குச் செய்தோம். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

முதல் சந்தர்ப்பத்தில் நான் எழுத்தில் தட்டுத்தடுமாறித் தேறினேன். வாய்மொழியில் தவறினேன். அவள் இரண்டிலும் தவறினாள். எழுத்தில் எப்படித் தவறினாள் என்று எனக்கு விளங்கவில்லை. சேர் விடைத்தாளைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அவள் போட்ட கழித்தல் குறிகளெல்லாம் பென்சில் முனை பட்டும் படாமலும், தூசி ஒட்டியது போல இருந்தன.

"எங்கை பிள்ளை சய? கண்ணாடி போட்டும் காணேல்லை. இந்தத் தாளுக்கு நான் என்னெண்டு புள்ளி போடுறது?"

இன்னும் ஆறு வாரத்தில் இரண்டாவது சந்தர்ப்பம். அன்றைக்கு அம்பிட்டிய பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவள் படிகளை எண்ணவில்லை. முப்பதாவது படியிலோ எதிலோ உட்கார்ந்துவிட்டாள். இருமல் வந்தது. அவளுக்கு இருமல் கொஞ்ச நாளாகவே இருந்தது. மலைப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள், மலையில் பிறந்தவள்.

"ஏன் அக்கா ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேங்கிறீங்க? அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று எரிச்சலோடு கேட்டேன். எனக்கும் வாய்மொழி மீதமிருந்தது, அந்தப் பயத்தை அவள் மேல் காட்டினேன்.

அப்போதுதான் சொன்னாள். அவள் அம்மா செத்தது அந்த நோயில். தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்க ஒரு பெயரைச் சொன்னார். அன்று முதல் பக்கத்துக் காம்பராக்காரர்கள் தண்ணீர்ப் பீலிக்கு அவர்களை விடவில்லை. வீட்டில் அப்பா அந்தப் பெயரை யாரும் வாயால் எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். ஒருநாள் பெரியக்கா சண்டையில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அடுத்த மாரியில், அம்மா இன்னும் படுக்கையில் கிடக்கும்போதே, பெரியக்காவுக்கும் இருமல் வந்தது.

"ரோகம்னு பின்னால ஒட்டியிருக்கும். முன்னால இருக்கது சேர் சொல்றாருல்ல, அதேதான்," என்றாள்.

சயரோகம். காசநோய்க்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் சய, சய என்று ஒப்பித்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒரே சொல் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"ரெண்டு அது ஒண்ணாச் சேந்து பெருகுனா சக வரும்னு சேர் சொல்றாரு," என்றாள் அவள், படியில் கிடந்த ஒரு இலையைக் கிழித்துக்கொண்டே. "எங்க காம்பராவுல அம்மாவும் பெரியக்காவும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கெடந்தாங்க. ஒண்ணும் வரலீங்க."

நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அவள் மறுபடி இருமினாள், நான் இரண்டு படி மேலே தள்ளி உட்கார்ந்தேன். அன்று மாலையே என் டம்ளரில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினேன். அறையில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். எது என்னுடையது என்று அடையாளம் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனி உள்ளே வந்து அவள் இருமல் கூடும் என்று ஜன்னலையும் இழுத்துச் சாத்தினேன்.

இரண்டு நாள் கழித்து அவள் தேத்தண்ணி ஊற்றும்போது நூலைப் பார்த்தாள்.

"கழுவக்குள்ள அவுந்துபோகுது தங்கச்சி," என்றாள். "கம்பியால கட்டுங்க." சொல்லிவிட்டுத் தன் டம்ளரை எடுத்து ஜன்னல் கட்டையில் தனியாக வைத்தாள். அதற்குப் பிறகு அது அங்கேதான் இருந்தது. அந்தச் சொற்களில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு காலம் அதைச் சுமந்துகொண்டிருக்கமாட்டேன்.

வெட்கம் ஆளைப் பொய் சொல்ல வைக்கும். அந்த வாரம் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா பழைய ஆள். ஜ, ஷ, ஹ எல்லாம் அவருக்கு ஆகாது. ராசா, சன்னல், சமுக்காளம் என்றுதான் எழுதுவார். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் "சயம்" என்று ஒரு சொல் இருக்கும். ஜெயம் உண்டாகட்டும் என்று அர்த்தம். அதைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, இங்க பாருங்க. சயம்னு எழுதியிருக்காரு. ஜயம்தான் இது. முந்தி ஜ எழுத்து இல்லாம இப்படித்தான் எழுதுவாங்க. சேர் சொல்றதும் இதேதான். கணக்குல குறைச்சாலும் கடைசியில நமக்கு ஜயம்னு அந்தக் காலத்துல வச்ச பேரு. நீங்க சொல்ற அந்த நோய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அப்பாவின் கடிதம் உண்மை. மற்றதெல்லாம் நான் அந்த நிமிடத்தில் கட்டிய கோட்டை. அவள் கடிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். விரலால் அந்த எழுத்தைத் தொட்டாள்.

"ஜய," என்றாள், மெதுவாக, கொதிக்கிற பாலை ருசி பார்க்கிற மாதிரி. ஒன்றும் ஆகவில்லை. "ஏழு ஜய நாலு சமன் மூணு." சுற்றிப் பார்த்தாள். அறை அப்படியேதான் இருந்தது. அன்று முதல் ஐந்து வாரம் அந்தச் சின்ன அறையில் ஜய மூன்று, ஜய பத்து, ஜயவை ஜயவால் பெருக்கினால் சக என்று கோயில் திருவிழா போலச் சத்தம். அட்சரகணிதத்தில் எக்ஸுக்கு முன்னால் ஜய, அடைப்புக்கு வெளியே ஜய. அவள் போட்ட கோடுகளும் கொப்பியில் கறுத்து நீண்டன. எனக்கும் அந்தச் சத்தத்தில்தான் பாடம் ஏறியது. இருமலும் கூடவே இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

அவள் "அன்னைக்கு" என்று சொல்லி வந்த நாள் வந்தது. எழுத்து காலையில் முடிந்தது. மத்தியானம் வாய்மொழி. சேரும் வெளியிலிருந்து வந்த ஒரு பரீட்சகரும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். சேர் என்னை முதலில் எழுப்பினார், எப்படியோ சொல்லி முடித்து உட்கார்ந்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டார். பலகையில் எழுதினார்: x − 3 = −8. எண்ணிப் பார்த்தேன். படித்து, செய்து, விடை சொல்வதற்குள் அந்தக் குறியை நாலு இடத்தில் சொல்ல வேண்டும்.

அவள் சோக்கை எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

"எக்ஸ் ஜய மூன்று, சமன் ஜய எட்டு."

பரீட்சகர் நிமிர்ந்தார். சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

"திருப்பிப் படியும்," என்றார் சேர்.

"எக்ஸ் ஜய மூன்று, சமன் ஜய எட்டு," என்றாள், இந்த முறை பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்படி. கேட்காமலே தொடர்ந்தாள். "ரெண்டு பக்கமும் மூன்று கூட்டுறோம் சேர். எக்ஸ் சமன் ஜய எட்டு சக மூன்று. எக்ஸ் சமன் ஜய ஐந்து." பலகையில் கடைசிக் கோட்டை அழுத்திப் போட்டாள், சோக் உடைந்தது.

பரீட்சகர் சேரைப் பார்த்தார். சேர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "தோட்டப் பக்கத்து உச்சரிப்பு," என்று சொல்லிவிட்டுத் தாளில் எதையோ எழுதினார். அவள் திரும்பி நடந்தாள். நடக்கும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. சோக் தூசிதான் என்று கையைக் காட்டினாள். கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள், எடுத்தாள், பார்த்தாள், சட்டென்று மடித்தாள். அந்த மடிப்புக்குள் போன சிவப்பை நான் பார்த்துவிட்டேன். அவள் சித்தியடைந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் என் கண் அந்தக் கைக்குட்டையை விட்டு நகரவில்லை.

எல்லோரும் போன பிறகு சேர் என்னைக் கூப்பிட்டார். "நீர்தானே அவவோட அறையில இருக்கிறது? ஏன் அந்தப் பிள்ளை அப்பிடிச் சொன்னது?"

சொல்லிவிட்டேன். அம்மா, பெரியக்கா, அந்தப் பெயர், என் பொய், கைக்குட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். சேர் கதிரையில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்த சோக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"மறை எண்டு சொல்லலாமே," என்றார். "அதுக்கு மறை எண்டும் ஒரு பேர் இருக்கு, புத்தகத்திலயே இருக்கு. மறை மூன்று எண்டு சொல்லியிருந்தால் நான் ஏற்றிருப்பனே. ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

நாங்கள் யாரும் அவரிடம் எதையும் சொல்லாததற்குக் காரணம் அவர்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஒரு துண்டு எழுதித் தந்தார், நெஞ்சு நோய்க் கிளினிக்குக்கு. "நாளைக்கே கூட்டிக்கொண்டு போம். பயப்படாமல் போகச் சொல்லும். இப்ப மருந்து இருக்கு."

அவளிடம் துண்டைக் கொடுத்தேன். "சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இரவுச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. காலையில் பார்த்தால் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

முடிவு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அந்த நோய் இருந்தது. மாதக்கணக்கில் மருந்து தின்றாள், ஒருநாள் தவறாமல். அடுத்த பிரிவோடு சேர்ந்து பயிற்சியை முடித்தாள். என்னையும் சோதித்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. டம்ளரால் வருவதில்லை பிள்ளை, மூச்சுக் காற்றால் வருவது, அறையின் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் நூலைக் கட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தியவள்.

ஆனால் எனக்குள் இன்னும் தங்கியிருப்பது அந்தக் காலை. கிளினிக் வராந்தாவில் உட்கார நீளமான மர வாங்கு. அதில் எங்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். எதிர்ச் சுவரில் மூன்று மொழியிலும் பலகை. தமிழ் வரியில் அந்தச் சொல் முழுதாக இருந்தது, ரோகம் ஒட்டிக்கொண்டு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நீங்க முந்தி சொன்னது பொய்தானே?"

"எது அக்கா?"

"ஜயம்னு சொன்னது."

நான் தலையாட்டினேன்.

"எனக்கு அப்பவே தெரியுங்க. மூணு வருசம் புள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தவ. ஒங்கப்பா எழுதுறது வேற, சேர் எழுதுறது வேற. சொல்றதுக்கு ஒரு வழி வேணுமேன்னு நம்புன மாதிரி இருந்துட்டேன்." பலகையிலிருந்து கண்ணை எடுத்து, "மழ பேஞ்சா எல்லாரும் என் தோளப் பாத்து எழுதுனதும் தெரியும்," என்றாள்.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என் முழங்காலைத் தட்டினாள், தட்டிவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு ஒதவி செய்யுங்க. அந்த போர்டுல இருக்கத ஒருக்கா சத்தமா வாசிங்க. யாராச்சும் மொதல்ல சொன்னா நான் சொல்லிருவேன்."

எவ்வளவு சின்ன விஷயம். பாம்பு பாம்பு என்று கத்திச் சிரித்தவள் நான். பலகையைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன். அவள் தொண்டையில் இருமல் கரகரத்தது. எவ்வளவு முயன்றும் முதல் எழுத்துக்கூட வரவில்லை. எனக்கே தெரியாமல் என் சுட்டுவிரல் எழுந்து காற்றில் ஒரு சின்னக் கோடு போட்டது.

அவள் அதைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், பிறகு இருமினாள், பிறகும் சிரித்தாள். "பாத்தீங்களா," என்றாள். "வராதுங்க. லேசில வராது." பிறகு பலகைப் பக்கம் திரும்பி, ஜ எதுவும் கலக்காமல், சேர் சொல்கிற மாதிரியே, "சய," என்றாள். வாங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சயரோகம்," என்று முடித்தாள். அவள் தோள் குலுங்கவில்லை, என் தோள்தான் குலுங்கியது.

உள்ளே இருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, அட்டையைப் பார்த்து, அவள் பெயரைச் சிங்கள வாயில் பாதி உடைத்துக் கூப்பிட்டார். பேரு சொன்னா வந்து நிக்கும் என்பாளே, அவள் எழுந்தாள், சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள், அவர் முன்னால் போய் நின்றாள்.